பெங்களூரில் சொந்தத் தொழில்: இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணக்குப் பார்ப்பது என் தொழில். அல்சூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்கவோ வேலைக்கோ இந்த ஊருக்கு வந்தவர்கள். இப்போது சொந்தமாக ஏதோ ஒன்றை நடத்துகிறார்கள், அல்லது நடத்த நினைக்கிறார்கள். ஜிஎஸ்டி பற்றிக் கேட்க வந்து, வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசைக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

நோக்கத்தோடு வாழ வேண்டும், நோக்கத்தோடு தொழில் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு எண்களை எழுதி வைக்க வேண்டும். மாதம் எவ்வளவு வந்தால் எனக்குப் போதும்? எவ்வளவு பணம் போனால் நிறுத்திக்கொள்வேன்? இரண்டையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, உங்களிடம் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒருவரிடம் ஒரு நகல் கொடுங்கள்.

இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். தொலைநோக்கு, கனவு, உலக மாற்றம் என்று நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவை சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். ஒருவருடைய நோக்கம் என்ன என்பதை அவருடைய பேச்சைவிட வங்கிக் கணக்கு அறிக்கை தெளிவாகச் சொல்லிவிடும் என்பது என் அனுபவம். எது முக்கியம் என்று நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்து வைக்காதவருக்கு, நெருக்கடி வரும்போது வேறு யாராவது முடிவு செய்துவிடுவார்கள். வீட்டு உரிமையாளர், முதலீட்டாளர், பெரிய வாடிக்கையாளர் என அதற்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

வேலையை எப்போது விடலாம்?

முதல் வாடிக்கையாளர் பணம் கொடுத்த பிறகு. பாராட்டியவர், ‘கட்டாயம் வாங்குவேன்’ என்றவர், பகிர்ந்தவர் எல்லாம் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பன்னிரண்டு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் சேர்த்து வையுங்கள். அது தொழிலுக்கான பணம் இல்லை. தொழில் எவ்வளவு கெஞ்சினாலும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக்கூடாது. ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் தொகையும் வீட்டுச் செலவில் சேர்த்திதான். பலர் இதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். பெங்களூரில் வீடு மாற்றும் எண்ணம் இருந்தால் அட்வான்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழைய வழக்கம் இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருந்தாலும், மொத்தமாகக் கொடுக்க வேண்டிய தொகை என்பதால் கையைக் கடிக்கும்.

மருத்துவக் காப்பீடு அடுத்தது. நிறுவனம் கொடுத்த காப்பீடு, வேலையோடு போய்விடும். தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே பெற்றோரையும் சேர்த்து, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பாலிசி எடுத்துவிடுங்கள். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் இதுவே பொருந்தும். சம்பளச் சீட்டுக்கு வங்கியில் இருக்கும் மரியாதை புதுத் தொழிலுக்குக் கிடைக்காது.

கடைசியாக, உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி அதில் இருக்கக்கூடும். அலுவலக மடிக்கணினியில் இரவு பதினொரு மணிக்கு எழுதிய நிரலுக்கும் அது பொருந்தலாம்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. எப்படிப் புரியவைப்பது?

புரியவைக்க முயல வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். முப்பது ஆண்டுகள் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவருக்கு ‘ஸ்டார்ட்அப்’ என்றால் பயமாக இருப்பது நியாயம்தான். மேலே சொன்ன தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். இத்தனை மாதம் பார்ப்பேன், இவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்துவேன், தங்கை கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடமாட்டேன் என்று எழுத்தில் பார்த்தால் பெரும்பாலான அப்பாக்கள் அடங்கிவிடுகிறார்கள். முழுச் சம்மதம் கிடைக்காது. ‘என்னமோ செய்’ என்பார். அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஊரில் உள்ள நிலத்தையோ அம்மாவின் நகையையோ அடகு வைத்துத் தொடங்குவதாக இருந்தால் மட்டும் நான் அப்பா பக்கம்.

நண்பனோடு கூட்டாகத் தொடங்குகிறேன். பதினைந்து வருட நட்பு. ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

பதினைந்து வருட நட்பு என்பதால்தான் எழுத வேண்டும். ஆளுக்குப் பாதி என்று முதல் நாளே பிரித்துக்கொண்டு, எட்டாவது மாதம் ஒருவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டால், அந்தப் பாதி அவரோடு போய்விடும். இதற்கு வழக்கமான தீர்வு, பங்குகளை நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாக்குவது. முதல் ஓராண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. யார் முழுநேரம், யாருக்கு எப்போதிலிருந்து சம்பளம், பிரிந்தால் பெயர் யாருக்கு ஆகியவற்றையும் எழுதுங்கள்.

எந்த வடிவத்தில் பதிவு செய்வது?

தனியாகச் செய்கிறீர்கள், கடன் இல்லை, முதலீட்டாளர் இல்லை என்றால் தனிநபர் உரிமைத் தொழிலாகவே தொடங்கலாம். இருவர் என்றால் எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம், நல்லது. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படியான சாதாரணக் கூட்டு நிறுவனத்தில், தொழில் பட்ட கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். 2008இல் வந்த எல்எல்பி சட்டத்தில் பொதுவாக அந்த ஆபத்து இல்லை. பிரைவேட் லிமிடெட் வெளி முதலீடு வாங்கப் போகிறவர்களுக்கு. விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லாத ஆண்டிலும் அதற்குத் தணிக்கை உண்டு, ஆண்டறிக்கை உண்டு. பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு சொற்கள் இருந்தால் கௌரவம் என்று பதிவு செய்துவிட்டு, இரண்டே ஆண்டில் அதை மூட எவ்வளவு ஆகும் என்று கேட்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலீட்டாளரிடம் பணம் வாங்கலாமா?

முதலில் சில பெயர்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, வெளி முதலீட்டைத் தவிர்த்தே வளர்ந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெங்களூரில் 2010இல் தொடங்கிய பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவும் வெளிப்பணம் இல்லாமல் வளர்ந்ததுதான். அதே 2010இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய மென்பொருள் நிறுவனம், இன்றைய ஃபிரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர்களின் பணத்தில் வேகமாக வளர்ந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. மூன்றும் வெற்றிக் கதைகள். எது சரி என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. எது உங்களுக்குச் சரி என்று மட்டும் பார்க்கலாம்.

முதலீட்டு நிதிகளுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் பத்தாண்டுகளை ஒட்டியது. அதற்குள் உங்கள் பங்கை விற்று அவர்கள் தங்களுக்குப் பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். பத்து நிறுவனங்களில் போட்டால் ஒன்றிரண்டு பல மடங்காகும், மற்றவை போகும் என்பது அவர்கள் கணக்கு. மெதுவாக வளர்ந்து, மாதம் நான்கு லட்சம் லாபம் தந்து, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் தொழில் உங்களுக்குப் பெரிய வெற்றியாக இருக்கலாம். அவர்கள் ஏட்டில் அது தோல்வி. யாரும் கெட்டவர்கள் இல்லை, கணக்கு வேறு, அவ்வளவுதான். ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று எழுதிய எண் சிறியதாக இருந்தால் அந்தப் பணம் உங்களுக்கானது அல்ல. பெரிய எண்ணை மனமார எழுதியவர் தாராளமாகப் போய்க் கேட்கலாம்.

வேறு வழிகளும் உண்டு. கர்நாடக அரசின் எலிவேட் திட்டத்தில் தேர்வாகும் புத்தொழில்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கும். பதிலுக்குப் பங்கு கேட்பதில்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணை இல்லாமல் 10 லட்சம் வரை கடன் வாங்கலாம். அதை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை உண்டு. இவையெல்லாம் இருந்தாலும், வாடிக்கையாளர் தரும் முன்பணத்தைவிட மலிவான பணத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

வியாபாரம் நன்றாக நடக்கிறது, ஆனால் கையில் காசு இல்லை. எங்கே போகிறது?

அநேகமாக ஜிஎஸ்டியில். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் நல்ல தொழில்கள் சாய்வது பெரும்பாலும் இங்கேதான்.

நீங்கள் சேவைத் தொழில் செய்கிறீர்கள், ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, ஒரு பெரிய நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய்க்கு வேலை முடித்து 18 சதவீத வரியோடு 1,18,000க்குப் பில் போடுகிறீர்கள். அந்த 18,000 ரூபாயை, வாடிக்கையாளர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அடுத்த மாதம் அரசுக்குக் கட்ட வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அவர் தொண்ணூறு நாள் கழித்துக் கொடுத்தால், இடைப்பட்ட காலத்தில் நீங்கள் அவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, அவர் தர வேண்டிய வரியையும் உங்கள் கையிலிருந்து கட்டியிருக்கிறீர்கள்.

ஆகவே வரிப் பணத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு. பணம் வந்த அன்றே பிரித்துப் போட்டுவிடுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் உங்கள் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகாரை இதற்கான அரசு இணையதளத்தில் பதியலாம். இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதிக் குழுவுக்கு அது போகும். இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, வேண்டும். அது முற்றிலும் இலவசம், ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு அந்த எண்ணும் வேண்டும். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பில்லில் அந்த எண்ணையும் அச்சிடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எதிர்ப்பக்கக் கணக்குப் பிரிவு சற்று நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதென்றால், நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள். விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் மட்டும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்?

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 என்றார். ஏலம் இத்தோடு நின்றுவிட்டால் நல்லது. உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டத்தின் பொது வரம்பு வாரம் 48 மணி நேரம்; அதற்கு மேல் என்றால் இரட்டிப்புக் கூலி. முதலாளிக்கு வரம்பு கிடையாது, அதனால்தான் அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெரோதாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான நிதின் காமத், ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறவர். 2024 பிப்ரவரியில், சில வாரங்களுக்கு முன் தனக்கு லேசான பக்கவாதம் வந்ததென்று அவரே வெளிப்படையாக எழுதினார். தந்தையின் மறைவு, தூக்கக் குறைவு, களைப்பு, உடலில் நீர் குறைந்தது, அளவு மீறிய உடற்பயிற்சி ஆகியவற்றில் ஏதேனும் காரணமாக இருக்கலாம் என்றார். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தூக்கத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் நேரம் லாபக் கணக்கில் எங்கும் வருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் யோசனை எளிது. நாளின் நல்ல நேரம் எது என்று பாருங்கள். அதை வாட்ஸ்அப்புக்கும் கூட்டங்களுக்கும் கொடுக்காமல், உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலைக்குக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கடை மூடியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் கணக்கைத் திறந்து, இந்த வாரம் நேரமும் பணமும் எங்கே போயின என்று மட்டும் பாருங்கள்.

அலுவலகம் எங்கே வைப்பது? கோரமங்கலா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் வைத்தால்தான் மதிப்பார்களா?

மதிப்பார்கள், வாடகையும் அதற்கேற்ப இருக்கும். வாடிக்கையாளர் நேரில் வராத தொழிலுக்கு அந்த முகவரி தேவையில்லை. உங்கள் வீட்டுக்கும் முதல் இரண்டு ஊழியர்களின் வீட்டுக்கும் நடுவில், மெட்ரோவுக்குப் பக்கத்தில் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை திறந்த பிறகு, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் ஆயுளைக் கழிக்காமல் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போக முடிகிறது.

ஓசூரில் வாடகை குறைவு, தமிழும் தடையில்லை என்று அங்கே போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லையைத் தாண்டினால் வேறு மாநிலம். பொருள் விற்பவர்களுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்பது மாநிலத்துக்குள் விற்கும்போது மட்டும். ஓசூரில் ஊறுகாய் போட்டுப் பெங்களூரில் விற்றால் முதல் பாட்டிலிலிருந்தே பதிவு வேண்டும்.

கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

சமாளிக்கலாம். ஆனால் ஏன் சமாளிக்க வேண்டும்? இங்கே தொழில் செய்கிறோம், கற்றுக்கொள்வதுதான் முறை. தமிழருக்கு மூன்று மாதத்தில் கடைக்கன்னடம் வந்துவிடும். பேரம், பில், டெலிவரி, வார்டு அலுவலகம் எல்லாம் பாதி எளிதாகும். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பலகை எழுதக் கொடுக்கும் முன் அதைக் கவனியுங்கள்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் முன்னேறிவிட்டது போல இணையத்தில் தெரிகிறது. நான் மட்டும் பின்தங்கிவிட்டேனா?

அவர்களில் சிலருக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன். கவலைப்படாதீர்கள்.

நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதலில் எழுதிய இரண்டாவது எண் இதற்காகத்தான். அந்த எண் வந்த அன்று, ‘இன்னும் ஒரே ஒரு ஆர்டர்’ என்று மனம் சொல்லும். நகல் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், அவர் சொல்லட்டும். காலத்தை நீட்டுவதென்றால் நீட்டலாம், ஆனால் புதிய எண்ணையும் புதிய தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டுத்தான் நீட்ட வேண்டும்.

மூடுவதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் ஊழியர் சம்பளம், பிறகு அரசு வரி, பிறகு சரக்குக் கொடுத்த சிறு வியாபாரிகள். ஜிஎஸ்டி பதிவை முறையாக ரத்து செய்து இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். அப்படியே விட்டுவிட்டால் தாக்கல் செய்யாத மாதங்களுக்கெல்லாம் அபராதம் சேரும். கடனை அடைத்து மரியாதையாக மூடியவர் இரண்டாம் முறை வரும்போது சிக்பேட்டையில் அவருக்குக் கடன் சரக்கு கிடைக்கிறது.

தூக்கம் போய், சாப்பாடு போய், யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் கணக்கரிடம் வர வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். 2022இல் தொடங்கிய இந்தத் தேசியச் சேவையை வழிநடத்தும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இங்கே ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் தொழில் படுத்துவிடாதா?

ஒரு வாரத்தில் படுத்துவிடும் தொழில் என்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இங்கே சங்கராந்திக்கு ஒரு நாள்தான் விடுமுறை, கன்னட வாடிக்கையாளருக்கு மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் தெரியாது. டிசம்பரிலேயே தேதியைச் சொல்லிவிடுங்கள். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஆகவே நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் ஜனவரி 11க்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1ஐ முடித்துவிட்டுக் கிளம்பலாம். வரி கட்டும் படிவமான 3பி-க்கு 20ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. பொங்கல் இரண்டுக்கும் நடுவில்தான் வருகிறது. பில்களை மட்டும் 8ஆம் தேதிக்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள், நானும் ஊருக்குப் போக வேண்டும்.